நெப்ராஸ்கா நங்கை ஏழு கிண்ணம் வென்ற படலம்

சோளக்கடலன்றிப் பிறிதொரு கடல் கண்டறியாத நெப்ராஸ்கா நன்னாட்டின் கொழுந்தும், முழந்தாளிட்டபடியே கூடைப்பந்தை நாற்பத்தைந்தடி எறிந்து உடற்தகுதித் தேர்வில் பயிற்சியாளரின் தொப்பியைப் பறக்கவிட்ட தோள்வலியாளும், பதினேழாண்டும் நான்கு திங்களும் நிரம்பிய வீராங்கனையுமான ஹேட்டி சிமெக்கை வணங்கி இக்கதையைத் தொடங்குகிறோம். கடற்படை அகாடமியில் சேர்ந்தே தீருவேன் என்று அவள் ஒன்பதாம் வகுப்பிலேயே சூளுரைத்திருந்தாள். கடலைத்தான் இன்னும் பார்த்ததில்லை.

அவ்வகாடமியின் பெருங்கதவு மதிப்பெண்ணுக்கு மட்டும் திறப்பதன்று. நாட்டின் சட்டமன்றமாம் காங்கிரஸில் அமரும் செனட்டரோ காங்கிரஸ் உறுப்பினரோ முன்மொழிந்தாக வேண்டும். மூத்த செனட்டரின் அலுவலகம் வழுவழுப்பான தாளில் மறுத்தது. இளைய செனட்டரின் அலுவலகம் அதனினும் வழுவழுப்பான தாளில் மறுத்தது. இரு மறுப்பும் தாங்கிய அந்நங்கையை மூன்றாவதாக, காங்கிரஸ் உறுப்பினர் அமர்த்திய ஐவர் குழு, நான்கு ஓய்வுபெற்ற படைத்தலைவர்களும் ஏனென்று தெரியாமல் ஒரு பல்வைத்தியருமாக, ஊர் நூலகத்தின் பின்னறையில் வளைத்து வினாக்கணை தொடுத்தது.

"பொய் சொல்லுவியாம்மா?" என்று கேட்டார் பல்வைத்தியர்.

"மாட்டேன் சார்."

முன்மொழிவு கிடைத்தது. மார்ச்சில் சேர்க்கைக் கடிதமும் வந்தது. தந்தை டேல் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டக் கிளம்பிய பிறகுதான், மருத்துவக் குழு ஒப்பினால் மட்டுமே இது செல்லும் என்று கடைசி வரி சொல்வதை வீட்டார் கவனித்தனர்.

குழு ஒப்பவில்லை. கழுகை நாணச்செய்யும் கண்ணையும், குதிரையை வெட்கச்செய்யும் மூச்சையும் ஒப்பிய அக்குழு, ஒன்றாம் வகுப்புப் பள்ளிப் படிவமொன்றைத் தோண்டி எடுத்து, 'வேர்க்கடலை அலர்ஜி. தகுதியில்லை' என்று ஓலை விடுத்தது. அலர்ஜி இல்லையென்று ஏப்ரல் பதினைந்துக்குள் சோதனையில் காட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆறு வயதில், மேல்வாயில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும் பீனட் பட்டர் எனும் வேர்க்கடலைப் பசைப் பூதத்தை வெறுத்த நம் நாயகி, "தொண்டை அரிக்குது டீச்சர்" என்று ஒரே ஒரு பொய் சொன்னாள். அன்றுமுதல் பதினோராண்டுக் காலம் அன்னை ஜோலீன் அவளுக்கெனத் தனி மதிய உணவு கட்டினாள். கடைகளில் பிஸ்கட் பொட்டலம் ஒவ்வொன்றின் பின்னெழுத்தையும் கண்ணாடி போட்டுப் படித்தாள். பீனட் பட்டரை வீட்டைவிட்டே நாடுகடத்தினாள். அதன்மேல் உயிரையே வைத்திருந்த டேலோ, பனி கொட்டும் ஜனவரியிலும் பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்து, கையுறையைக் கழற்றாமலே டப்பாவைத் திறந்து தின்றார். நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது.

குறித்த நாளில் மூவரும் லிங்கன் மாநகரின் மருத்துவமனை புகுந்தனர். டாக்டர் மொரேனோ என்னும் அம்மையார், பீனட் பட்டர் இட்ட ஏழு கிண்ணங்களைச் சிறியது முதல் பெரியது வரை படைவரிசையாய் நிறுத்திவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"முதல் தடவை சாப்பிட்டப்ப என்ன ஆச்சு?"

"தொண்டை அரிச்சுது டாக்டர். குழந்தை துடிச்சுப் போயிட்டா," என்று ஜோலீன் முந்திக்கொண்டாள்.

"சின்ன வயசு அலர்ஜி நிறையப் பேருக்குத் தானா போயிடும்."

தப்பிக்கும் வாயில் தானே திறந்து நின்றது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஈ காக்கைக்கும் தெரியாது. ஆனால் பின்னறையில் பல்வைத்தியருக்குச் சொன்ன பதில் நெஞ்சில் முள்ளாய்க் குத்த, எழுந்தாள் ஹேட்டி.

"அம்மா, எனக்கு அலர்ஜியே கிடையாது. பீனட் பட்டர் பிடிக்காது, அவ்ளோதான். அன்னிக்குப் பொய் சொன்னேன். அப்புறம் எப்படி நிறுத்துறதுன்னு தெரியல."

ஜோலீன் மகளைப் பார்த்தாள், கண்ணாடியைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள்.

"பதினோரு குளிர்காலம்," என்றார் டேல், யாரிடம் என்றில்லாமல்.

டாக்டர் மட்டும் அசரவில்லை. "சொன்னது நல்லது கண்ணு. ஆனா குழுவுக்கு வாய் வார்த்தை போதாது. ஏழும் காலியாகணும். வாந்தி எடுத்தா அதையும் அலர்ஜின்னுதான் நான் எழுதணும்."

தொடங்கிற்று பெரும்போர். கடுகளவே ஆன முதற்கிண்ணத்தை நாவின் நுனியால் நசுக்கி, இருபது நிமிடம் காத்து, இரண்டாவதை மூச்சடக்கி விழுங்கி, மூன்றாவதைக் கண்மூடிக் கடந்து, நான்கில் வியர்த்து, ஐந்தில் நாற்காலிக் கையைப் பற்றி, ஆறில் செனட்டர் இருவரையும் மனத்துள் வைது, இரண்டு கரண்டி நிறைந்து மலையென நின்ற ஏழாவதை ஒரே வாயாக அள்ளிப் போட்டுக்கொண்ட அம்மறத்தியின் நாக்கு மேல்வாயோடு ஒட்டிச் சிறைப்பட, தொண்டை கதவடைக்க, வயிறு மாற்றார் பக்கம் சாய்ந்து கலகக்கொடி உயர்த்திற்று. கண்ணில் நீர் முட்டியது. டாக்டரின் பேனா படிவத்தின் மேல் இறங்கிற்று.

அப்போதுதான் ஜோலீன் வாய் திறந்தாள்.

"முழுங்குடி. ஊர்ல இருக்கிற பிஸ்கட் எல்லாத்தையும் படிச்சிருக்கேன் நான். முழுங்கு."

விழுங்கினாள். இரண்டு மணி நேரம் மூவரும் அவள் தோலையே பார்த்துக்கொண்டிருந்தனர். ஒரு தடிப்பில்லை, ஒரு தும்மலில்லை.

ஏப்ரல் பன்னிரண்டாம் நாள் மருத்துவக் குழுவின் ஒப்புதல் வந்திறங்கிற்று. சேர்க்கையை ஏற்கும் பொத்தானைக் கணினியில் அவள் அழுத்திய கணம், சோளக்கொல்லைகள் பச்சை கட்டுமுன்னரே தலையசைத்தன என்றும், காணாத கடல் தொலைவிலிருந்து அலைக்கை நீட்டி அவளை அழைத்தது என்றும், எண்திசை காக்கும் தேவர்கள் பூமாரி பொழிய மறந்தது அன்று மழை பெய்ததால்தான் என்றும் பாடி, வெற்றிக்கொடியேந்திய இவ்வீரத்திருமகளை நாமும் வாழ்த்துவோமாக.

மறுநாளிலிருந்து ஜோலீன் மகளுக்கு மதியச் சாப்பாடு கட்டிக்கொடுப்பதை நிறுத்திவிட்டாள்.