பதினொரு கவைகளும் ஒரு தலைப்பாகையும்

அரிசியைக் களையலாம், பாத்திரத்தைத் துலக்கலாம், பாவத்தைக்கூடத் தைப்பூசத்தன்று கழுவலாம் என்கிறார்கள். ஆனால் எதைக் கழுவுமுன்னும் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுவிட வேண்டும். எங்கள் வம்சத்திலேயே முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய் இங்கிலீஷ் படித்த நான், இந்த ஒரு பாடத்தை மட்டும் வீட்டில் சொல்லித்தராமல் விட்டுவிட்டேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. மலாயாவில் குளுவாங்கிலிருந்து காஹாங் போகிற வழியில் ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணியாக, கணக்கு எழுதுகிற குமாஸ்தாவாகச் சேர்ந்து இரண்டு மாதம். வேலை தற்காலிகம். தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்குப் பிடித்தால் நிலைக்கும். பிடிக்காவிட்டால் அப்பாவோடு கத்தியும் வாளியுமாகப் பால்மரம் வெட்ட, அதாவது பட்டையைக் கீறி ரப்பர் பால் இறக்க, போக வேண்டியதுதான். அப்பா அதே தோட்டத்தில் வெட்டுக்காரர். மகன் நிழலில் உட்கார்ந்து பேனா பிடிக்க வேண்டும் என்பதற்காகவே இருபது வருஷம் மரம் வெட்டியவர். நான் சேர்ந்த அன்று தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்க, "நம்ம பையனுக்கு ஆபீஸ்ல நாற்காலி குடுத்திருக்காங்க" என்று சொல்லித் திரிந்தார். (அது முக்காலி. நான் திருத்தவில்லை.)

துரைக்குப் படம் பிடிக்கும் பைத்தியம். அந்த வருஷம் துரைமார்களின் கிளப்பில் ஒரு படப்போட்டி. தலைப்பு: கவை. ஒரே அடியிலிருந்து இரண்டாகவோ மூன்றாகவோ பிரிகிற எதையும் எடுக்கலாம். துரை காமிராவை என் தோளில் ஏற்றிவிட்டு, "படம் நல்லா வரணும், கிராணி. வந்தா ஒன் வேலையும் நல்லா வரும்" என்றார். அவர் தமிழ் செருப்பில்லாமல் முள்ளில் நடப்பதுபோல் நடக்கும். இந்த வாக்கியம் மட்டும் தடுக்காமல் வந்து சேர்ந்தது.

பங்களா மேசையில் வெள்ளி முள்கரண்டியில் தொடங்கினோம். (அதை நான் கையில் தொட்டது அன்றுதான். நாலு முள்ளையும் எண்ணினேன். குழம்பு எப்படி நிற்கும் என்றுதான் விளங்கவில்லை.) பிறகு கவட்டை விரிந்த மரம், தண்டவாளம் பிரியும் இடம், ஆறு இரண்டாகிற துறை, இரட்டைவால் குருவி, இன்னும் நாலு கவை. உடும்பின் நாக்குக்காகக் காத்திருந்தபோது துரை பொறுமையிழந்து, "நீட்டச் சொல்லு" என்றார். நானும் மரியாதையாகச் சொன்னேன். (எந்த மொழியில் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.)

கடைசியில் கடமான். அதன் கிளைத்த கொம்புக்காக மூன்று நாள் சேற்றில் அட்டைகளுக்கு விருந்தானோம். மூன்றாம் நாள் மாலை, இருண்ட காட்டுக்கு முன்னால், வெயில் கொம்பில் மட்டும் விழும்படி வந்து நின்றது. படம் எடுத்த துரையின் கண் கலங்கிவிட்டது. "பரிசு இதுக்குத்தான்."

அந்தக் காமிராவுக்குக் கண்ணாடித் தகடு. ஒவ்வொரு தகடும் வெளிச்சம் படாமல் ஒரு மரக்கூட்டுக்குள் இருக்கும். படம் எடுத்தாகிவிட்ட கூட்டின்மேல் கரும்பலகையில் எழுதும் சாக்குக்கட்டியால் பெருக்கல் குறி போடுவது என் ஏற்பாடு. பன்னிரண்டில் பதினொன்று முடிந்திருந்தது. "மிச்சம் ஒண்ணு ஒனக்கு. யார வேணா எடு. அப்புறம் எல்லாத்தையும் குளுவாங்ல ஜப்பான்காரர் படக்கடையில குடு" என்றார் துரை.

மறுநாள் சரஸ்வதி பூஜை. என் பேனா, மைக்கூடு, அப்பாவின் வெட்டுக்கத்தி, துரையின் காமிரா, பன்னிரண்டு கூடு எல்லாவற்றையும் சாமிக்கு முன் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால், கூடுகள் ஈரத்துணியால் துடைக்கப்பட்டு, ஆளுக்கொரு பட்டை விபூதியும் பொட்டுமாக, பன்னிரண்டு சிவனடியார்கள்போல் வரிசையில் நின்றன.

"அம்மா! மேலே குறி போட்டிருந்தேனே?"

"அது குறியா? எந்தப் பய கிறுக்கினானோன்னு நெனச்சேன். சாமி முன்னாடி அழுக்காவா வைக்கிறது? ஒண்ணுல மட்டும் கிறுக்கல. அதையும் தொடச்சிட்டேன்."

"அந்த ஒண்ணு எதும்மா?"

"இப்பத்தான் எல்லாம் ஒரே மாதிரி பளபளன்னு இருக்கே, அப்புறம் என்னடா?"

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அப்பா அதற்குள் இருக்கிற ஒரே சட்டையை மாட்டி, வெள்ளைத் தலைப்பாகை கட்டி, வாசற்படிக்கு நேரே இரவல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். லயத்துச் சனமெல்லாம் கூடிவிட்டது. அவரைப் பார்த்து எழுந்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படித்த மூளையை உபயோகித்தேன்: படம் விழுந்த தகடு கொஞ்சமாவது கனக்கும் அல்லவா? ஒவ்வொரு கூட்டையும் கையில் தூக்கி நிறுத்து, இருப்பதிலேயே லேசானதை எடுத்துக் காமிராவில் செருகினேன்.

"அப்பா, ஆடாதீங்க."

"ஆடல. மூச்சு விடலாமா?"

"விடாதீங்க."

"எவ்வளவு நேரம்டா?"

"பேசாதீங்கப்பா!"

பத்து நாள் கழித்து ஜப்பான்காரர் கடையிலிருந்து படக்கட்டு ஆபீசுக்கு வந்தது. துரை பிரித்தார். முள்கரண்டி, நன்று. ஆறு, நன்று. உடும்புகூட நாக்கை நீட்டியிருந்தது. ஒன்று வெறும் கறுப்பு, படமே விழாத தகடு. அடுத்ததில் அவர் கை நின்றது.

அப்பா உட்கார்ந்திருந்தார், மூச்சு விடாமல். தலைப்பாகையின் இரண்டு பக்கமும் கிளை கிளையாகக் கொம்பு. தோளருகே ஒரு மான் காது. மான் விழுந்த தகட்டிலேயே அப்பாவும் விழுந்திருந்தார்.

என் பின்னால் ஆபீசின் பெரிய கிராணி மலாயும் தமிழுமாகக் கிசுகிசுத்தார்: "அலமாக்! படக்கடைக்காரர் மேல பழியப் போட்டுடு லா. அவரா இங்க வந்து கேக்கப் போறாரு?"

நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் படத்திலிருந்து அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். (கொம்பு வேறு.) சாக்குக்கட்டி, ஈரத்துணி, விபூதி, கையால் நிறுத்துப் பார்த்த விஞ்ஞானம், எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன்.

துரை இறால் வெந்த நிறத்துக்கு வந்தார். அவர் வாய் திறக்குமுன், சேதி எப்படிப் போனதோ, அப்பா பால்வாளியோடு வாசலில் வந்து நின்றார். துரை படத்தை அவரிடம் நீட்டினார். அப்பா கையைக் கைலியில் துடைத்துவிட்டு வாங்கி, நெடுநேரம் பார்த்தார்.

"மானுதான தொர வேணும்? நான் தெனம் வெட்டு முடிஞ்சு போயி அந்தச் சேத்துல ஒக்காருறேன். வந்துச்சுன்னா பிடிச்சு வச்சுக்கிட்டு ஆள் அனுப்புறேன். பையன மட்டும் நாற்காலிய விட்டு எறக்கிடாதீங்க."

துரை திரும்பி என் முக்காலியைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"மான் வேணாம்," என்றார் கடைசியில். "இன்னும் மூணு மாசம் பாக்குறேன். இந்தப் படம் நீயே வச்சுக்கோ."

பரிசு வேறு யாருக்கோ போயிற்று. மூன்று மாதம் கழித்து வேலை நிலைத்ததற்கான கடிதம் என் கைக்கு வந்தது. அன்று காலை என் மேசைக்குப் பின்னால் ஒரு நாற்காலியும் வந்திருந்தது. யார் போடச் சொன்னார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து நீட்டினேன். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அம்மா ஈரக்கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரில் மாட்டிய படத்தில் கொம்போடு உட்கார்ந்திருக்கும் அப்பாவை ஒருமுறை பார்த்தாள்.

"டேய், இதுல மான் கீன் எதுவும் இல்லியே?"

இன்றைக்கும் எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி கேட்காமல் ஒரு துணிகூட நனைவதில்லை.