பிறவிச் சாய்வா, வந்த சாய்வா?

எங்கள் விடுதியில் சாய்வண்ணன் சந்தேகப்படாத பொருளே கிடையாது. சட்னியிலிருந்து நாள்காட்டி வரை எதையும் விட்டுவைக்க மாட்டார். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கேள்வி கேட்காமல் நம்பினார். அது அவரைக் கொன்றுவிட்டது.

கோவையில் ஒரு கல்லூரியின் ஆராய்ச்சி மாணவர் விடுதி அது. நான் வணிகவியல், அவர் வானியல். அவருக்கு ஊர் காங்கேயம் பக்கம். அவருடைய நிஜப் பெயர் விடுதிப் பதிவேட்டில் இருந்தது, வேறெங்கும் புழங்கவில்லை. கேலக்ஸிகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று ஆறு வருடமாகக் கணினியில் அளந்துகொண்டிருந்த மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

முதல் வாரமே என்னை உட்கார வைத்து விளக்கினார்.

"தூரத்துக் கேலக்ஸியோட வெளிச்சம் வர்ற வழியில, கண்ணுக்குத் தெரியாத எடை ஏதாச்சும் இருந்துச்சுன்னா, அதோட உருவம் துளியூண்டு நீண்டு தெரியுமுங்க தம்பி. ஒண்ணப் பாத்தா ஒண்ணும் புரியாது. லட்சக்கணக்குல பாக்கோணும். பக்கத்துல பக்கத்துல இருக்கறதெல்லாம் ஒரே மாதிரி சாஞ்சிருந்தா, நடுவுல எடை இருக்குதுன்னு அர்த்தமுங்க."

"கண்டுபிடிச்சாச்சே. அப்புறமென்னண்ணா?"

"எங்கீங்க கண்டுபுடிச்சோம்? ஒரே எடத்துல பொறந்ததுக, பொறக்கறப்பவே ஒண்ணாச் சாஞ்சிருக்குமுங்க. அதப் பாத்துபோட்டு நடுவுல எடைன்னு சொன்னா, மொத்தமும் தப்பாயிரும். பொறவிச் சாய்வா, வந்த சாய்வா? அதப் பிரிக்கறதுதானுங்க என்ற வேலை."

அந்த வேலையை அவர் வானத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தால் நாங்கள் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்போம். ஒருநாள் மெஸ்ஸில் மூன்று தோசை வரிசையாக ஒரே பக்கம் இழுபட்டு வந்தது. தட்டோடு அடுப்படிக்குப் போய்விட்டார்.

"ஏனுங்க மாஸ்டர், இது கல்லோட கோணலுங்களா, உங்க கையோடதுங்களா?"

மாஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆறுனா எல்லாம் ஒண்ணுதானுங்க. போய்ச் சாப்புடுங்க."

இன்னொரு முறை பல்லடம் தாண்டி பஸ்ஸில் போகும்போது, ஒரு தோப்பில் தென்னை மரங்கள் எல்லாம் கிழக்கே சாய்ந்து நின்றன. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சாய்த்தது என்றேன் நான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல். பஸ்ஸை நிறுத்தி இறங்கிவிட்டார். கூடவே நானும். கொளுத்தும் வெயிலில் பாகைமானியோடு மரம் மரமாக அளந்தார். தோட்டத்துக்காரர் வந்து, "நட்டப்பவே சாச்சுத்தானுங்க நட்டோம்" என்றார். சாய்வண்ணன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஊர் போய்ச் சேரும்வரை என்னைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு வந்தார்.

போன வருடம் அவருடைய இடது தோள் இறங்கத் தொடங்கியது. இடது கால் செருப்பு மட்டும் சீக்கிரம் தேய்ந்தது. ஒருநாள் டம்ளர் கையிலிருந்து நழுவியது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்ணா" என்றேன்.

"எங்கப்பாவப் பாத்திருக்கீங்கல்ல? எங்கண்ணன? ரெண்டு பேருக்கும் எடது தோள் தாழ்வுதானுங்க. எனக்கு இப்ப எறங்குது. பொறவிச் சாய்வுங்க தம்பி."

நான் சிரித்தேன். அவர் சொன்னது அவ்வளவு பொருத்தமாக இருந்தது. அந்தச் சிரிப்புக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நான்கு மாதம் கழித்துக் குளியலறையில் விழுந்தார். மூளையின் வலப்பக்கம் கட்டி; அதுதான் உடம்பின் இடப்பக்கத்தை இழுத்திருக்கிறது. முன்னமே வந்திருக்கலாமே என்று டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சாய்வண்ணன் ஸ்கேன் படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"கண்ணுக்குத் தெரியாத எடையத் தேடறதுதானுங்க என்ற பொழப்பு. சொந்தத் தலையில இருந்தத உட்டுபோட்டேன்" என்றார். அதற்கும் அவரேதான் முதலில் சிரித்தார். தைப்பொங்கலுக்கு அவர் இல்லை.

காரியத்துக்குக் காங்கேயம் போயிருந்தேன். அவருடைய அப்பா இடது தோள் தாழ்ந்து பந்தலில் நின்றிருந்தார். மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன். "உங்க வீட்ல எல்லாருக்கும் பிறவியிலயே இப்படின்னு அண்ணன் நம்பிட்டாருங்க. அதனாலதான் டாக்டர்கிட்டப் போகல."

பெரியவர் தன் தோளையே புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"பொறவியெல்லாம் இல்லீங்க கண்ணு. கொப்பரை மூட்டைங்க. முப்பது வருசம் இந்தத் தோள்லதான் ஏத்துனேன். பெரியவனும் ஏத்துனான். சின்னவன மட்டும் ஒரு மூட்டையத் தொட உடலீங்க, படிக்கற பையன்னு."

ஊரையெல்லாம் கேட்ட கேள்வியைச் சொந்த வீட்டில் ஒரு தடவை கேட்டிருந்தால் போதும்.

விடுதி நாளன்று எடுத்த படம் என் மேசையில் இருக்கிறது. நடுவில் சாய்வண்ணன். இரண்டு பக்கமும் நாங்கள் நான்கு பேர், நான்கு பேரும் அவர் பக்கமாகச் சாய்ந்திருக்கிறோம். அப்படி நிற்கும்படி படம் எடுத்தவர் சொல்லவில்லை. சாய்வண்ணன் இதைப் பார்த்திருந்தால் எந்தச் சாய்வு என்று பாகைமானியோடு வந்து கேட்டிருப்பார்.

வந்த சாய்வுதாண்ணா. நீங்க நடுவுல இருந்தீங்க.