கிணற்றடியில் கண்ணை மூடியவர்

ஊருக்கு ஒருவராவது இந்த இனத்தில் உண்டு. காபி ஆறும்வரை அதைக் குடிக்கலாமா என்று உள்ளுக்குள் விசாரித்துக்கொண்டிருப்பார். பஸ் கிளம்பிப் புழுதியும் அடங்கிய பிறகு, ஏறியிருக்கலாம் என்ற முடிவுக்கு வருவார். சோம்பேறி என்றா சொன்னீர்கள்? கூடாது. ஆழ்ந்து சிந்திப்பவர்!

சங்கரன்கோவிலுக்கு மேற்கே எலுமிச்சைத் தோட்டம் வைத்திருந்த இசக்கிப்பாண்டி அண்ணாச்சி இதில் அசல் வித்து. கிணற்றுக்கு மோட்டார் போடுவதா, மாடு கட்டி இறைக்கும் கமலையே போதுமா என்று அவர் மனசுக்குள் இறங்கிப் பார்க்கத் தொடங்கியபின் எமர்ஜென்சி வந்தது, போனது, ஆட்சி மாறியது, மறுபடியும் மாறியது. அண்ணாச்சி இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தார்.

அந்த வருஷம் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ராயகிரியிலிருந்து மைத்துனன் துரைப்பாண்டி வந்திருந்தான். இவன் எதிர் ரகம். கால் முதலில் போகும். புத்தி அடுத்த வண்டியில் வரும்.

வந்த மறுநாள் காலையில், துள்ளிய கிடா ஒன்று கிணற்றுக்குள் விழுந்தது.

“அத்தான், கெடா விழுந்துட்டு!”

“பதறாத வே. மொதல்ல மனசு அடங்கணும். எது சரின்னு உள்ள கேக்கணும்.” அண்ணாச்சி கிணற்றடியில் சம்மணமிட்டுக் கண்ணை மூடினார்.

துரைப்பாண்டி வேட்டியை மடித்துக் கட்டினான். குதித்தான். தனக்கு நீச்சல் தெரியாது என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது.

“அத்தான்! முங்குதேன்!”

“அதுக்குத்தான் யோசிக்கச் சொன்னேன்.” கண் திறக்கவில்லை.

கிடாவோ நிதானமாக நீந்திப் போய்ப் படிக்கட்டில் ஏறி உதறிக்கொண்டது.

சத்தம் கேட்டுக் களைவெட்டை விட்டு ஓடிவந்தாள் அண்ணாச்சியின் மனைவி மாரித்தாய். வந்தவள் ஒரு மூச்சு நின்றாள். தம்பியைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். கமலை வடத்தை உருவி வீசினாள்.

“ஏலே, இறுக்கிப் பிடி!” மறுமுனையைப் புருஷன் கையில் திணித்தாள். “படிப்பக்கமா இழுங்க!”

“இரு தாயி, பிடிக்கதுக்கு முன்னால…”

“எந்தம்பி அங்க முங்கிச் சாவுதான்!”

வடம் விறுவிறுவென்று ஓடி உள்ளங்கையைச் சுட்டது. அண்ணாச்சி எழுந்தார், காலை ஊன்றினார், இழுத்தார். மண்டைக்குள் ஒரு கேள்வியும் இல்லை! அந்த வெறுமை அவருக்கு இனித்தது. பல வருஷமாகக் கண்ணை மூடித் தேடிய சாந்தி இதுதானோ என்று நினைத்த மாத்திரத்தில் கை தளர, மாரித்தாய் ஓர் அதட்டல் போட்டாள். மறுபடி இழுத்தார்.

படியேறி வந்து தண்ணீரைக் கக்கினான் துரைப்பாண்டி. “அக்கா, இனிமே யோசிச்சுட்டுத்தான் குதிப்பேன்.”

“நான் குதிச்சுட்டுத்தான் யோசிப்பேன்,” என்றார் அண்ணாச்சி, பரவசத்தோடு.

மாரித்தாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். கிடா யாரையும் கலந்தாலோசிக்காமல் தானே மேலேறி வந்து எலுமிச்சைக் கன்றைக் கடிக்கத் தொடங்கியிருந்தது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ‘நாம் இதில் எந்த ரகம்?’ என்று புத்தகத்தை மடியில் கவிழ்த்துக் கண்ணையும் மூடிவிட்டீர்களே, அது மட்டும் வேண்டாம். அடுப்பங்கரையில் பால் பொங்குகிற வாசம் வருகிறது, எழுந்திருங்கள்.