புளோரன்சில் பொரித்த செத்தல் மிளகாய்

எங்கள் ஆட்கள் இத்தாலிக்குப் போவதென்றால் இப்போதெல்லாம் முதலில் எனக்குத்தான் தொலைபேசி எடுக்கிறார்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்பதற்கல்ல. எதைச் செய்யக் கூடாது என்று கேட்பதற்கு.

நான் பயந்த ஆள். ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் இத்தனை வருடமாகத் தொங்கு ரயிலில் வேலைக்குப் போய் வருகிறேன். இன்றும் அது ஆற்றுக்கு மேலே வரும்போது கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதால் எதையும் வாசித்து அறிகிற பழக்கமில்லை, ஆட்களிடம் கேட்டுத்தான் அறிவேன். ஒருவர் எவ்வளவுக்குப் பயமுறுத்துகிறாரோ அவ்வளவுக்கு விஷயம் தெரிந்தவர் என்பது அப்போது என் கணக்கு.

மகள் துளசி பான் நகரில் படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்த கையோடு எங்களை இத்தாலிக்குக் கூட்டிப் போக முடிவெடுத்தாள். ரோம், புளோரன்ஸ், கடைசியாக வெனிஸ். உண்மையில் அது வெனிசுக்கான பயணம்தான், மற்ற இரண்டும் வழியில் இருந்தன.

அதற்கொரு காரணம் உண்டு. நாங்கள் ஜெர்மனிக்கு வந்த புதிதில் நான் ஒரு இத்தாலியரின் பீட்சாக் கடையில் மாப் பிசைந்துகொண்டிருந்தேன். (இன்றும் பீட்சாதான் போடுகிறேன், கடைதான் வேறு.) அவர் தந்த கலண்டரில் ஒரு மாதத்துக்கு வெனிஸ் படம். தண்ணீர்த் தெரு, கறுப்புப் படகு, தொப்பி போட்ட படகுக்காரன். என் மனைவி வசந்தி அந்தத் தாளைக் கிழிக்க விடவில்லை. எங்கள் ஒற்றை அறையில் அந்த வருடம் முழுக்க ஒரே மாதம்தான். "ஒரு நாளைக்கு இதிலை ஏற வேணும்" என்பாள். நான் "ஓம், ஓம்" என்பேன். அப்படியே வருடங்கள் போய்விட்டன.

பயணம் உறுதியானதும் நான் கெல்சென்கிர்ச்சனில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் குணம் அண்ணையிடம் போனேன். அவர் ஒருமுறை இத்தாலிக்குப் போய் வந்தவர்.

"தம்பி, பஸ்ஸிலை பொக்கற்றுக்கை ஒண்டும் வைக்காதை. உருவிப் போடுவாங்கள்."

"ஓம் அண்ணை."

"எல்லாம் கல்லுத் தெரு. மனிசிக்கு நல்ல சப்பாத்து வேண்டிக் குடு. மியூசியங்களுக்கு முதலே நேரம் பதிஞ்சு டெர்மின் எடுத்து வை. பிறகு, சோறு காய்ச்சுற குக்கரைக் கொண்டு போ."

"அண்ணை, நான் பீட்சா போடுறவன். அங்கை சாப்பாட்டுக்கு என்ன பயம்?"

"அதுக்குத்தான் சொல்லுறன். லீவிலையும் பீட்சாவோ?"

இது எனக்கு மிகவும் நியாயமாகப் பட்டது. குக்கரோடு சின்ன மின்சார அடுப்பொன்றையும் ஒரு பொரிசட்டியையும் எடுத்து வைத்தேன். கடை வாசலில் அண்ணை குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். "ஹோட்டல் அறையிலை மேலை வட்டமா ஒண்டு இருக்கும். புகை பட்டாக் கத்தும். குளிக்கேக்கை தலையிலை போடுற பிளாஸ்டிக் தொப்பியாலை மூடிவிடு."

ரோமில் ஒன்றும் நடக்கவில்லை. சப்பாத்துப் பற்றி அண்ணை சொன்னது சரி. தெருக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம் என்று துளசி சொன்னாள். வேறு நாலு பேர் குடித்து, நடந்தும் போனதைப் பார்த்த பிறகு நானும் குடித்தேன். மூன்று பேருடைய பாஸ்போர்ட்டையும் துணிப்பட்டியில் வயிற்றோடு கட்டி, அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றதால் ஒரு மூதாட்டி எனக்கு பஸ்ஸில் எழுந்து இடம் தந்தார். இரவில் அறையிலேயே சோறும் ரின்னில் அடைத்த மீனும். ஒருவருக்கும் தெரியவில்லை. அதுதான் எனக்குத் தைரியத்தைக் கொடுத்தது.

புளோரன்சில் தங்கியது ஒரு பழைய கட்டடத்தின் சின்ன ஹோட்டல். வெனிசுக்குப் புறப்படும் காலை. திட்டம் இதுதான்: விரைவு ரயில், மத்தியானத்துக்குப் பிறகு வசந்திக்குப் பதிவுசெய்த கறுப்புப் படகு, அடுத்த நாள் விடியப் பறந்து வீடு. வசந்தி சொன்னாள்:

"இஞ்சருங்கோ, நாங்கள் ஒருக்கா ஆத்தடிக்குப் போட்டு வாறம். நீங்கள் பெட்டியளைக் கட்டி வையுங்கோ. வேறை ஒண்டும் செய்யாதேங்கோ."

பெட்டிகளைக் கட்டிவிட்டேன். பிறகு யோசனை வந்தது. ரயில் நடுவழியில் நின்றுவிட்டால்? (ஜெர்மன் ரயிலில் பழகியவனுக்கு வேறு எந்த யோசனை வரும்?) குக்கரைத் திரும்ப எடுத்துச் சோறு போட்டேன். வெறும் சோற்றை எப்படித் தின்பது? துருவிக் காயவைத்த தேங்காய்ப்பூ இருந்தது, காய்ந்து சிவந்த செத்தல் மிளகாய் இருந்தது. ஒரு சம்பல்.

நான் கவனமான ஆள். மேலே இருந்த வட்டத்துக்குத் தொப்பி போட்டேன். யன்னலைச் சாத்தினேன். கதவின் அடியில் துவாயைச் செருகினேன். பிறகு அடுப்பில் எண்ணெய் வைத்து மிளகாயைக் கொட்டினேன்.

குளியலறைக் கூரையில் ஒரு காற்றுத் துவாரம் இருந்தது. அது கட்டடம் முழுவதுக்கும் ஒரே துவாரம் என்பது எனக்குத் தெரியாது.

முதலில் நான் இருமினேன். அது வழமை. பிறகு பக்கத்து அறையில் ஒருவர் இருமினார். அதன்பின் மேல்மாடி, கீழ்மாடி, படிக்கட்டு என்று இருமல் ஊர்வலமாகப் போனது. மேலே வட்டம் சத்தமே போடவில்லை. குணம் அண்ணையை அந்த நேரத்திலும் மனதுக்குள் மெச்சினேன். ஹோட்டல்காரப் பெண்மணி "காஸ்! காஸ்!" என்று கத்திக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டுவது கேட்டது. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. எங்கள் அறைக்குள்தான் வாயு கசிகிறது என்று நானே நம்பி, வெறுங்காலோடு, கையிலிருந்த சட்டியோடு தெருவுக்கு ஓடினேன்.

தெருவில் குளியல் அங்கியோடு ஒரு கூட்டம், எல்லோர் கண்ணிலும் தண்ணீர். தீயணைப்பு வண்டி வந்தது. முகமூடி போட்டவர்கள் உள்ளே போனார்கள். அந்த நேரம் பார்த்து வசந்தியும் துளசியும் ஆற்றடியிலிருந்து திரும்பினார்கள். வசந்தி தெருமுனையிலேயே நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"பிள்ளை, இது எங்கடை மிளகாய்."

துளசி கூட்டத்துக்குள் என்னைக் கண்டுபிடித்தாள். "அப்பா! என்ன செய்தனீங்கள்?"

"சம்பல்" என்றேன்.

தீயணைப்புத் தலைவர் என் சட்டியைக் காட்டி ஏதோ கேட்டார். என்னுடைய இத்தாலி மொழி பீட்சா சுடும் குசினியோடு சரி. "பெப்பரொன்சினோ" என்றேன். மிளகாய். அவர் ஒன்றை எடுத்துக் கடித்தார். சற்று நேரம் ஆகாயத்தைப் பார்த்தார். பிறகு வண்டிப் படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். துளசி படம் எடுத்தாள்.

ஒவ்வொரு அறையாகப் பார்த்துக் காற்றோட்டம் விட்ட பிறகுதான் பெட்டிகளை எடுக்க விட்டார்கள். ஹோட்டல்காரப் பெண்மணி பிளாஸ்டிக் தொப்பியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு கதவடியில் நின்றார். நான் நிலத்தைப் பார்த்தபடி குக்கரிலிருந்த சோற்றை ஒரு பெட்டிக்குள் போட்டு, கைக்கு அகப்பட்டதை அள்ளிக்கொண்டு வந்தேன்.

விரைவு ரயில் சரியான நேரத்துக்குப் போய்விட்டிருந்தது. நடுவழியில் எங்கும் நிற்கவுமில்லையாம்.

கிடைத்தது ஊர் ஊராக நிற்கும் ரயில், அதிலும் மாறி மாறி. இருவரும் என்னோடு கதைக்கவில்லை. வேறு வேலை இல்லாததால் மிளகாயைக் கையால் நொறுக்கித் தேங்காய்ப்பூவோடு பிசைந்துகொண்டே வந்தேன். வெனிசில் இறங்கும்போது நல்ல மழை. கறுப்புப் படகுகள் வரிசையாக நின்றன. தொப்பி போட்டவர்கள் அவற்றுக்கு மழைக்கு மூடும் நீலப் படங்கு கட்டிக்கொண்டிருந்தார்கள். துளசி ஓடிப்போய்க் கேட்டாள். இந்தக் காற்றுக்கு ஏலாது என்று கையைக் காட்டினார்கள்.

வசந்தி கடைசிப் படகையும் மூடும்வரை பார்த்துவிட்டுத் தன் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தாள். கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

தங்குமிடத்துக்குப் போகச் சனங்கள் ஏறும் பெரிய படகில் ஏறினோம், தண்ணீரில் ஓடும் பஸ். எல்லோரும் உள்ளே ஒதுங்க, அவள் வெளியே பின்பக்கத்து நீண்ட வாங்கில் போய் மழைச் சாரலில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்காரப் பயந்து நின்றேன். இரண்டு பக்கமும் பழைய வீடுகள் தண்ணீருக்குள் கால் வைத்து நின்றன. அவள் நெடுநேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"அந்தச் சோத்துப் பெட்டியைத் தாங்கோ. பசிக்குது."

கொடுத்தேன். சோற்றில் சம்பலைப் போட்டுக் குழைத்து ஒரு வாய் வைத்தாள். படகு ஒரு பாலத்தைக் கடந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"உப்புக் காணாது" என்றாள்.

உப்புப் போத்தல் புளோரன்சில் நின்றுவிட்டது என்றேன். முதலில் துளசி சிரித்தாள். பிறகு வசந்தி சிரித்தாள், புரைக்கேறும்வரை.

இன்று எங்கள் சனங்களின் எந்த வீட்டு விருந்தில் யார் இருமினாலும், "ஆர் வெனிசுக்கு வெளிக்கிட்டது?" என்று ஒரு குரல் வரும். குணம் அண்ணைதான் அதில் முதல் ஆள்.

அடுத்த புது வருடத்துக்குத் துளசி எங்கள் பயணப் படங்களை வைத்து ஒரு கலண்டர் அடித்துத் தந்தாள். ஒரு மாதத்துக்கு நான்தான்: வெறுங்கால், கையில் சட்டி, பக்கத்தில் தண்ணீர் குடிக்கும் தீயணைப்புத் தலைவர். அந்தத் தாளைக் கிழிக்க வசந்தி விடவில்லை. எங்கள் குசினியில் இன்னும் அதே மாதம்தான்.