எங்கள் வீட்டில் பேப்பர் படித்த ஞாயிறு

படித்தவரைக் கட்டிக்கொண்டால் வீட்டில் அறிவு கொட்டிக் கிடக்கும் என்று நினைப்பவர்கள் என்னிடம் வந்து கேட்கட்டும். தெலுங்கு ஊரான மெட்டுகுடாவில், ரயில்வே குவார்ட்டர்ஸில் ஃபிட்டர் மகளாகப் பிறந்து, எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்கே பள்ளிக்கூடம் போனவள் நான். வாக்கப்பட்டதோ யூனிவர்சிட்டி கெமிஸ்ட்ரி லெக்சரருக்கு. (எங்கள் தெருவில் வேறு எவளுக்கும் வாய்க்கவில்லை. அந்தத் திமிர் இன்னும் இருக்கிறது.)

அவர் டிபார்ட்மெண்டில் சீமையிலிருந்து ஏதாவது புத்தகம் வந்தால், முதலில் கையில் சிக்கியவர் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். மற்றவர் கேட்டால், "பைண்டிங்குக்குப் போயிருக்கு" என்பார். தன் ஆராய்ச்சியை எவரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பக்கத்து மேஜைக்காரர் தன் பெயரில் போட்டுக்கொள்வார் என்று பயம்.

எங்கள் வீட்டுக்காரர் மட்டும், "சொன்னாத்தானே கௌரி, எங்க தப்புன்னு தெரியும்" என்பார். டெல்லி மாநாட்டுக்கு ஒருவரை அனுப்புவது டிபார்ட்மெண்ட் ஹெட் கையில் இருந்தது. கிணற்றுத் தண்ணீரைப் பற்றி வருஷக்கணக்காகச் செய்த வேலையை ஹெட் ஒரு தடவை காது கொடுத்துக் கேட்டால் போதும் என்று இவருக்கு ஆசை. யூனிவர்சிட்டியில் அதற்கு அறை கிடைக்கவில்லை. (சாவி பைண்டிங்குக்குப் போயிருக்கும்.) அதனால் ஹெட்டையும் கூட வேலை பார்ப்பவர்களையும் வீட்டுக்கே அழைத்தார்.

"ஞாயித்துக்கிழமை நான் பேப்பர் படிக்கிறேன். வடை போட்டுடு" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். நாங்கள் குடியிருந்ததும் மெட்டுகுடாவில்தான். குழாயடியில் நின்று, "எங்க வீட்டுக்காரர் பேப்பர் படிக்கப் போறார். பெரிய ஆளுங்க வராங்க. நீங்களும் வாங்க" என்று எல்லோரிடமும் சொன்னேன்.

மெட்டுகுடாவுக்குத் தமிழ் பேப்பர் மெட்ராஸ் ரயிலில் ஒருநாள் தாமதமாகத்தான் வரும். அதை வாய்விட்டுப் படித்துக் காட்ட ஆள் கிடைத்தால் ஒர்க்ஷாப் ஜனம் விடுமா? தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு கூடம் நிறைய வந்து உட்கார்ந்துவிட்டார்கள். டிபார்ட்மெண்டிலிருந்து ஹெட்டைத் தவிர ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஹெட் இரண்டு ஃபிட்டர்களுக்கு நடுவில் பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்தார்.

இவர் இங்கிலீஷில் ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த சாமிக்கண்ணு சித்தப்பா (என் அப்பாவோடு வேலை பார்த்தவர்) எழுந்தார்.

"மாப்ளே, இங்கிலீஷ் பேப்பர் நக்கோ, வேணாம். இந்தா, நம்ம பேப்பர். அந்தக் கொலைக் கேஸ் என்ன ஆச்சுன்னு படி."

"மாமா, இது வேற பேப்பர்..."

"வேறன்னா? முந்தாநேத்துதா?"

"சினிமா பக்கம் எங்கிட்ட இருக்குது மாப்ளே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ஹெட்டுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. பாதி வடையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தவர், "நல்ல கூட்டம். இதற்கு நான் எதற்கு?" என்று தெலுங்கில் கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டினார். எங்கள் வீட்டுக்காரர் வாசல்வரை அவர் பின்னாலேயே போனார். ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

திரும்பி வந்தவர் என்னைத் திட்டவில்லை. (திட்டியிருக்கலாம்.) தன் காகிதங்களை மடித்து வைத்துவிட்டு, சித்தப்பாவின் பேப்பரை வாங்கி, கொலைக் கேஸைக் கடைசி வரி வரைக்கும் நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

டெல்லிக்கு வேறொருவர் போனார். பிறகொரு நாள், புதிதாகச் சேர்ந்த லெக்சரர் ஒருவர் அந்தக் கிணற்றுத் தண்ணீர் விஷயத்தைக் கேட்டு வாசலில் வந்து நின்றார். பீரோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே இவர் மெல்லச் சொன்னார்: "பைண்டிங்குக்குப் போயிருக்குன்னு சொல்லு." நானும் சொன்னேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் முறுக்கு டப்பாவை யார் ஒளித்தாலும் அது பைண்டிங்குக்குத்தான் போகும்.

இவருடைய போன திதிக்கு வந்த கொள்ளுப்பேத்தி, மாலை போட்ட இவர் படத்தைக் காட்டி, "தாத்தா கிதர்?" என்றாள். (எங்கே என்று ஹிந்தியில். தமிழ் புரியும், பேச வராது.) என் மகன் யோசிக்கவே இல்லை. "பைண்டிங்குக்குப் போயிருக்கார்மா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். எண்ணெயில் வடை கருகிக்கொண்டிருந்தது. திருப்பிப்போட உள்ளே போனேன்.