தடையற்ற சந்தைக்குத் தடையில்லாச் சான்று

சுதந்திரச் சந்தை தானாக நடக்கும் என்று நினைப்பவர்கள் அப்பாவிகள். அதைக் கையைப் பிடித்து நடத்துவதே 'போட்டி வளர்ப்பு வாரியம்'தான். நான் அதன் ஆய்வாளர். தடையற்ற சந்தைக்குள் நுழைய வருபவர்களுக்குத் தடையில்லாச் சான்று தருவது என் வேலை. தராமல் இருப்பது என் திறமை.

எங்கள் அலுவலகத்துக்கு எதிரே ஒரு சாவிக்கடை. புருஷன் சாவி வெட்டுவார், பெண்டாட்டி பூட்டு ரிப்பேர் பார்ப்பார். அவர்கள் பிழைப்பே அந்தக் கடைதான். ஆனால் தெருவுக்கே ஒரே சாவிக்கடை என்றால் அது ஏகபோகம் அல்லவா! விடுவேனா?

"போட்டி இல்லாம கடை நடத்துறது குற்றம். ஒரு வாரத்துல போட்டியாளரைக் காட்டுங்க. இல்லேன்னா சீல்."

"வேற யாரும் கடை போடலைன்னா அதுக்கு நாங்க என்ன சார் பண்றது?" என்றார் சாவிக்காரர்.

அந்தம்மா கெட்டிக்காரி. கடைக்கு நடுவே ஒரு பழைய போர்வையைக் கட்டினார். "அந்தப் பக்கம் அவரு, இந்தப் பக்கம் நான். இனிமே நானே அவருக்குப் போட்டி. போதுமா சார்?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. சீர்திருத்தத்தின் போர்வை என்பார்களே, அதைக் கண்ணால் கண்டேன்! இரண்டு சான்று எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் மதியம் ஆய்வுக்குப் போனால், போர்வைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஏங்க, சாப்பிட வாங்க."

"இதோ வந்துட்டேம்மா."

ஐயோ! போட்டியாளர்கள் ரகசியமாகச் சந்திப்பதா? கூட்டுச் சதி!

"அட, சாப்பிடத்தானே சார் கூப்பிட்டேன்!"

"சாப்பிட்டுக்கிட்டே விலையையும் பேசி முடிச்சிடுவீங்க. எனக்குத் தெரியாதா?"

"அப்போ எங்க வாய்க்கு ஒரு பூட்டைப் போட்டுடுங்களேன்!" என்று அந்தம்மா பொரிந்து தள்ளினார்.

"வாய்க்குப் போட எனக்கு அதிகாரம் இல்லைம்மா. கடைக்குத்தான் இருக்கு."

போட்டேன். பூட்டு அவர்கள் கடையிலேயே கிடைத்தது. அரசுக்குச் செலவு மிச்சம்.

இப்போது தெருமுனையில் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய சாவி நிறுவனம் வந்திருக்கிறது. தெருவில் வேறு சாவிக்கடை கிடையாது. ஆனாலும் கடைக்கு வாசல் இரண்டு. முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் 'ஆரோக்கியமான போட்டி' நிலவுவதாக அறிக்கை எழுதினேன். முதலாளி என் மச்சான் என்பதற்காகச் சொல்லவில்லை, வாசல் நிஜமாகவே இரண்டுதான்.

நேற்று அங்கே போனேன். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே மேசையில் கூலிக்குச் சாவி வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"சார், தடையற்ற சந்தைன்னா என்னன்னு இப்பத்தான் புரிஞ்சுது."

"சபாஷ்! என்னம்மா புரிஞ்சுது?"

"'தடை' எங்களுக்கு. 'அற்ற' உங்க மச்சானுக்கு."