சோபாவிலிருந்து விடுதலை

மனைவியின் முழங்கை விலாவில் இறங்கியதும் மாஸ்டர் தன்னையறியாமல் வலது காலை ஓங்கி அழுத்தினார். டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கற்றுக்கொள்ள வந்த எத்தனையோ பேரை லாரிக்கு அடியில் போகாமல் காப்பாற்றிய கால் அது. யோகா முகாமில் பிரேக்குக்கு எங்கே போவது? காலடியில் படுத்திருந்த பல் டாக்டரின் தண்ணீர் பாட்டில்தான் ஹாலின் மறுகோடி வரை உருண்டு போனது.

"ஆரம்பிச்சிட்டீங்க," என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமலே.

குறட்டையைத்தான் சொன்னாள். அது இரண்டு நாள் முகாம். ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் எல்லாரும் மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, உடம்பைத் தளர விட வேண்டும். வந்து இறங்கியதுமே, தன் வீட்டுக்காரர் குறட்டை விடுவார், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பாய் விரித்தவர்கள் அத்தனை பேரிடமும் அவள் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டு வைத்திருந்தாள். அதனால் சத்தம் கிளம்பியபோது கண்ணைத் திறந்து யார் என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

மாஸ்டர் ஹால் சோபாவுக்குக் குடிபெயர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. நீட்டினால் கால் டிவி மேல் இடிக்கும், மடக்கினால் முட்டி மூக்கில் இடிக்கும். அப்படியும் புகார் ஓயவில்லை. கதவைச் சாத்தினாலும் காதுக்குப் பக்கத்திலேயே கேட்கிறது என்றாள். கட்டில் போனதில் கூட அவருக்கு அத்தனை வருத்தமில்லை. விளக்கை அணைத்த பிறகு அவள் ஊர்வம்பெல்லாம் பேசுவாளே, அது சோபா வரைக்கும் வராது. அதற்காகத்தான் ஏங்கினார்.

முகாமில் சேரும்போதே ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடைசி வகுப்பில் குறட்டை வராவிட்டால் அவர் கட்டிலுக்குத் திரும்பலாம். வந்தால் சோபா நிரந்தரம், புது உறை தைத்துத் தருவாள்.

விடுவதில்லை என்று மாஸ்டர் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார். மதிய வகுப்புக்கு முன் பால் சேர்க்காத காபியை வயிறு முட்டக் குடித்தார். தூக்கம் வரவில்லை, வேறொன்று வந்தது. அரையிருட்டில் கழிப்பறையைத் தேடி ஓடியவர், பாங்க் அதிகாரி ஒருவரின் வயிற்றை மிதித்துவிட்டுத்தான் கதவைக் கண்டுபிடித்தார்.

மாலையில் கொடியிலிருந்து துணி கிளிப் ஒன்றை உருவி மூக்கில் மாட்டிக்கொண்டு படுத்தார். எப்போது கண்ணயர்ந்தார் என்று தெரியாது. முழங்கை இறங்கியது. கிளிப் பறந்து போய் யோகா டீச்சரின் மடியில் விழுந்தது.

"மூச்சை அடக்காதீங்க சார். நல்லா விடுங்க," என்றார் டீச்சர் கனிவாக.

"விடுறதுதான் மேடம் பிரச்சினையே."

மறுநாள் காலை முதுகுக்கு அடியில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு படுத்தார். அன்று தூங்கவில்லை என்றுதான் சத்தியம் செய்தார். ஆனால் முதுகு பிடித்துக்கொண்டு எழ முடியாமல் கிடந்தவரைப் பல் டாக்டரும், மிதிபட்ட அதே பாங்க் அதிகாரியும் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. அவர் தூங்கியதற்கு அதுவே சாட்சி என்றாள் மனைவி.

கடைசி வகுப்பு வந்தது. மாஸ்டர் தீர யோசித்திருந்தார். படுத்தால்தானே தூக்கம், தூங்கினால்தானே குறட்டை? விளக்குகள் மங்கி எல்லாக் கண்களும் மூடியதும், பிடித்துக்கொண்ட முதுகோடு தவழ்ந்தே வெளியேறினார். வாசல் ஜன்னலோரம் செருப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் நிமிர்ந்தாள். உதட்டில் விரல் வைத்துக் கெஞ்சிவிட்டு, கேட்டுக்கு வெளியே நின்ற தன் காரில் போய் உட்கார்ந்தார். இரண்டு கையும் ஸ்டியரிங்கில், கால் பிரேக்கில். கண்ணை இமைக்கவே பயந்தார். மணி அடிப்பதற்குள் திரும்பி வந்து, ஒன்றும் தெரியாதவர் போல் பாயில் நீட்டிக்கொண்டார்.

மணி அடித்தது. மனைவி எழுந்து கூந்தலை அள்ளி முடிந்தாள்.

"போதும்ங்க. இன்னைக்குத்தான் ரொம்ப மோசம். உறை பச்சையில தைக்கவா, நீலத்துல தைக்கவா?"

மாஸ்டருக்குப் புரிந்துவிட்டது. எவனோ விட்ட குறட்டை தன் தலையில் விடிந்திருக்கிறது. நான் அங்கே இல்லவே இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் ஓடிப்போனது அம்பலமாகும், ஒப்பந்தமும் முறியும். வந்த வார்த்தையை மென்று விழுங்கிவிட்டு, நீலமே இருக்கட்டும் என்றார்.

வாசலில் செருப்பை எடுத்துக் கொடுத்த பெண், மனைவியின் முழங்கையைக் கவலையோடு பார்த்தாள்.

"கை வலிக்கலையாக்கா? உங்க குறட்டைக்கு நீங்களே திடுக்குனு முழிச்சு, சார் எழுந்து போன வெறும் பாயை அந்த இடி இடிச்சீங்களே."